கரைத்த இடத்துத் தண்ணீர்

ஜனவரி 4

மொச்சை, உன் மீன் வந்துவிட்டது.

காலையில் கடலைமிட்டாய்ப் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. நீ வேலை பார்த்த கண்ணாஸ்பத்திரியிலிருந்து இரண்டு ஆட்கள் கண்ணாடித் தொட்டியை இறக்கினார்கள். பின்னாலேயே ஸ்கூட்டியில் நர்ஸ் ஜெபராணி. காலுக்கிடையில் ஒரு பெயிண்ட் வாளி. வாளிக்குள் உன் மீனும் உன் கற்களும்.

"அக்கா, டாக்டர் முன் ஹாலை இடிச்சுக் கட்டுதாரு. தொட்டி வேண்டாம், டிவி போதும்ங்காரு. கோமதிநாயகம் அண்ணன் வளத்த மீனை எங்க கொண்டு விட? அதான் தூக்கிட்டு வந்துட்டேன்" என்றாள்.

தொட்டியை லேசாக்குவதற்காகத் தூக்க வந்தவர்கள் பழைய தண்ணீரையெல்லாம் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் கவிழ்த்துவிட்டார்களாம். உப்புத் தண்ணீர் பட்டு டாக்டர் வீட்டம்மா வைத்த செவ்வந்தியெல்லாம் நாளைக்குத் தலை சாய்ந்துவிடும் என்று சொல்லி ஜெபராணி சிரித்தாள். இப்போது வாளியில் இருப்பதுதான் மிச்சம்.

"ரெண்டு மூணு நாளைக்குள்ள தொட்டியில கடத்தண்ணி ஊத்தி விட்டிரணும்க்கா. வாளியில தாங்காது. உள்ள கிடக்கிற கல்லை மட்டும் கழுவிராதிய. அந்தப் பாசியிலதான் இதோட உசிரு இருக்கு."

"எனக்கு மீனுன்னா குழம்புதான்ம்மா தெரியும்."

"அண்ணன் கையில இருந்து எடுத்துத் தின்ன மீனுக்கா இது. ஆறு வருசம். ஒங்க வீட்டுல இல்லன்னா வேற எங்க இருக்கும்?"

அவள் போன பிறகு வாளிக்குள் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. முழுக் கறுப்பு. டாமினோ என்று சொல்வாயே. ஒரு தடவை நான் கண் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டி முன்னால் நிறுத்தினாய். "அக்கா, அது நெத்தியில வெள்ளைப் பொட்டு தெரியுதா?" என்றாய். எனக்குக் கறுப்பாய் ஒரு புகைதான் தெரிந்தது. "ஆமால, விபூதி வச்ச மாதிரி இருக்கு" என்றேன். உனக்கு வாயெல்லாம் பல்.

இன்றைக்குத்தான் அந்தப் பொட்டை நிஜமாகப் பார்க்கிறேன். வயதானதால் கொஞ்சம் மங்கியிருக்கிறது.

இந்த டைரியும் ஜெபராணி கொடுத்ததுதான். மருந்துக் கம்பெனிக்காரன் தருவது. வருஷா வருஷம் நீ கொண்டுவருவாய். நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன எழுத இருக்கும், பால்காரன் வராத நாளை மட்டும் குறித்து வைப்பேன். இந்த வருஷம் சாயங்காலம் பேச ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜனவரி 5

தொட்டியை எங்கே வைப்பது என்று காலையெல்லாம் அளந்து பார்த்தேன். இந்த வீட்டில் தரை மேடு பள்ளமில்லாமல் இருக்கிற இடம் ஒன்றுதான். உன் கட்டிலை எடுத்துச் சுவரோரம் நிமிர்த்திச் சாத்திவிட்டு தொட்டியோடு வந்த இரும்பு ஸ்டாண்டை அங்கே போட்டேன். தொட்டியில் கிடந்த மணலை அரிசி களைவதுபோலக் களைந்து களைந்து கலங்கல் போகிற வரைக்கும் அலசினேன். கற்களைத் தொடவில்லை. அந்த அழுக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வாளியில் காற்றுக் குழாய் கொப்பளிக்கிற சத்தம் விடாமல் கேட்கிறது. வீட்டில் ஒரு சத்தம் இருப்பது நல்லதுதான்.

ஜனவரி 6

பட்டறையில் குளுக்கோஸ் பாகு வருகிற வெள்ளைக் கேன் இரண்டை வெந்நீர் ஊற்றிக் கழுவி எடுத்துக்கொண்டேன். அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தூத்துக்குடி பஸ் ஏறினேன்.

நீ எப்போதும் போகிற மீன் கடைக்கு ஜெபராணி வழி சொல்லியிருந்தாள். வண்ண மீன் விற்கிற மச்சாது அண்ணாச்சி. பருத்த ஆள், கழுத்தில் ஜெபமாலை. பெயரைச் சொன்னதும், "கண்ணாஸ்பத்திரி கோமதியா? அவருக்கென்ன? நல்லா இருக்காரா?" என்றார்.

நான் சொன்னேன். கண் காட்ட வந்த ஒரு பெரியவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்று. எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், அதனால் அழாமல் சொல்ல வருகிறது.

"சேசுவே" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "தண்ணி இன்னைக்கு இல்லம்மா. வள்ளத்துல ஆழத்துக்குப் போயி மொண்டுட்டு வரணும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பூசை இருக்கு. திங்கக்கிழமை வாங்க, தாரேன். கரையில மட்டும் மொண்டுராதிய. பாக்கத் தெளிவா இருக்கும், உள்ள ஆயிரம் கிடக்கும்" என்றார். உப்பு அளக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் தந்தார். தண்ணீரை ஊற்றினால் உள்ளே முள் ஏறும், பச்சைக் கோட்டில் நிற்க வேண்டும்.

திங்கள்கிழமை வரைக்கும் மீன் வாளியில் கிடக்குமா? அதனால் கரைக்கே போனேன். கடலில் எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். கார்த்திகையில் முப்பிடாதி உன்னைச் சாம்பலாய்க் கலயத்தில் வைத்துத் தோளில் சுமந்துகொண்டு இறங்கினானே, அந்தப் படிக்கட்டு. உனக்கும் பிள்ளை இல்லை, எனக்கும் இல்லை. சித்தப்பா மகன் அவன்தானே எல்லாம் செய்தான். அன்றைக்கு அவன் எவ்வளவு தூரம் இறங்கினானோ அவ்வளவு தூரம் நானும் இறங்கினேன். இடுப்புக்கு வந்துவிட்டது தண்ணீர். கேனை நிறைக்க அவ்வளவு இறங்க வேண்டியதில்லை. ஓரத்தில் கலங்கலாக இருக்குமே என்றுதான்.

நனைந்த சேலையோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்தான். "என்னம்மா இது, டீசலா?"

"கடத்தண்ணி."

"கோவில்பட்டியில தண்ணிக் கஷ்டம்னு கேள்விப்பட்டிருக்கேன். இம்புட்டுக் கஷ்டமா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

ஜனவரி 7

உன் வேட்டியை நாலாய் மடித்துத் தொட்டியின் வாயில் கட்டி, அதன்மேல் தண்ணீரை ஊற்றி வடித்தேன். துணியில் மணலும், செவ்வந்தி இதழ் இரண்டும், நாலைந்து அரிசியும் நின்றன. யார் வீட்டில் யாருக்குப் போட்டதோ. அவற்றைத் துளசிச் செடியடியில் போட்டேன்.

அரைத் தொட்டிதான் நிறைந்தது. கற்களை அடுக்கி, ஜெபராணி போனில் சொல்லச் சொல்ல, வாளித் தண்ணீரோடு மீனைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டேன். நேரே கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. புதுப் பள்ளிக்கூடத்தில் உன்னைக் கொண்டு விட்ட அன்றைக்கு நீயும் இப்படித்தான் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தாய். டீச்சர் பெயர் கேட்டபோது நீ வாயைத் திறக்கவில்லை. நான்தான் பழக்கத்தில் "மொச்சை" என்று சொல்லிவிட்டேன். பிறந்தபோது உன் கண் இரண்டும் உரித்த மொச்சைக்கொட்டை மாதிரி இருந்தது, நான் என்ன செய்ய? டீச்சர் அதையே வருகைப் பதிவில் எழுதப் போனார்.

வடித்து முடிந்ததும் கையில் இருந்த ஈரத்தைத் துடைக்க மனம் வரவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எரிந்தது.

ஜனவரி 9

மறுபடியும் தூத்துக்குடி. மீதி அரைத் தொட்டிக்கு அதே படிக்கட்டில் மொண்டேன். மச்சாது அண்ணாச்சி கடைப்பக்கம் போக நேரமில்லை.

கேனை நிறைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கி, பிள்ளைகள் பந்து விளையாட வந்து, விளையாடி முடித்துப் போனார்கள்.

ஜனவரி 11

தொட்டி நிறைந்து நிற்கிறது. மேலே சின்ன விளக்கு. பட்டறையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் நீல வெளிச்சம் தெரிகிறது. யாரோ எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி.

எதிரே பாயைப் போட்டுச் சாப்பிடுகிறேன். முன்பு நீ வரும்வரைக்கும் சோற்றை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாசலிலேயே, "கையைக் கழுவிட்டு வா, மீன் வாடை" என்பேன். "நீ என்ன, கடலைப்பாகு வாடை. ரெண்டு பேரும் சேந்தா ஒரு கடை போடலாம்" என்பாய்.

மீன் இன்னும் தின்னவில்லை. இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டேன். கல்லுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

ஜனவரி 13

உப்பு முள் பச்சைக் கோட்டைத் தாண்டி நின்றது. பயந்துபோய் மச்சாது அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"பயப்படாதிய. தண்ணி ஆவியாயிப் போகும்லா? அதுல கரைஞ்சு கிடக்கிறது போகாது, அப்படியே தங்கும். அதான் கரிப்பு ஏறுது. நல்ல தண்ணி கொஞ்சம் ஊத்துங்க, சரியாயிரும்."

குழம்பு வற்றினால் உப்புத் தூக்கும், வெந்நீர் விடுவோம். அதேதான். ஒரு செம்பு ஊற்றினேன், முள் இறங்கியது.

போனை வைத்த பிறகு அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் போனாலும் கரைந்து கிடப்பது போகாது. இன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

ஜனவரி 15

தெருவெல்லாம் கோலம். நம் வீட்டில் இந்த வருஷம் பொங்கல் இல்லை. முப்பிடாதி வீட்டிலும் இல்லை, பங்காளி ஆயிற்றே. அதனால் போக இடமில்லாமல் என்னைப் பார்க்க வந்தான். அவனுடைய குட்டியானை லோடு வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன், தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அட, நம்ம அண்ணன் தொட்டியா? நல்லாத்தான் இருக்கு. தண்ணி ஏதுக்கா?"

"கடத்தண்ணி."

"கடல்ல எங்க?"

நான் காப்பி போடப் போனேன். அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டான்.

"எங்கன்னு கேட்டேன்."

"எனக்கு எந்தக் கடல் தெரியும்? நீ கூட்டிட்டுப் போன கடல்தான் தெரியும்."

அவன் முகம் மாறிவிட்டது. "யக்கா, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? கரைச்ச எடத்துத் தண்ணிய யாராவது வீட்டுக்குள்ள கொண்டாருவாளா? திரும்பிப் பாக்காம வாங்கன்னு ஐயரு சொன்னாரா இல்லியா?"

"நான் எங்கல திரும்பிப் பாத்தேன்? நேரா பாத்துப் போயித்தான மொண்டேன்."

"இந்த வாய் இருக்கே" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. ஆனால் தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தான். "தண்ணிய மாத்திரு. சொல்லிட்டேன்."

"மீனுக்கு வேண்டியிருக்கு. குழாத்தண்ணிய ஊத்தினா செத்துரும்."

"மீனுக்கு மட்டுமா வேண்டியிருக்கு?"

காப்பி ஆறுகிறது என்றேன். குடித்துவிட்டுப் போனான்.

ஜனவரி 17

தின்னவில்லை. போட்ட இறாலை வலையால் எடுத்து வெளியே கொட்டினேன்.

ஜனவரி 18

தண்ணீர் வடிகஞ்சி மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. கதவைத் திறந்ததும் ஒரு வாடை. மீன் மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறது. துடுப்பெல்லாம் உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. நெற்றிப் பொட்டு சாம்பல் நிறமாகிவிட்டது.

ஜெபராணி டூட்டி முடிந்து நேரே வந்தாள். இரண்டு விரலைத் தண்ணீரில் முக்கித் தேய்த்துப் பார்த்தாள். "பிசுபிசுங்குதேக்கா" என்றாள். போன் போட்டு, அண்ணாச்சி பேசுவது எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"எங்க மொண்டிய?" என்றார் அண்ணாச்சி.

சொன்னேன்.

"அம்மா, அந்தப் படியிலயா? அங்க தெனமும் பாலும் எண்ணெயும் கற்பூரமும்லா விழுது. கருமாதி பண்ணுத எடம்லா அது. அந்தத் தண்ணியில மீன் நிக்குமா? திங்கக்கிழமை வருவியன்னு ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தேனே, ஏன் வரல?"

"நேரமில்ல அண்ணாச்சி."

"சரி போகட்டும். முழுத் தண்ணியையும் மாத்தணும். மணலையும் தூரப் போடுங்க. கல்லை மட்டும் நம்ம தண்ணியில அலசி வைங்க."

"கொஞ்சம் வச்சுக்கிட்டா?"

"எதுக்கு?"



ஜனவரி 19

பட்டறைக்குப் போனேன். பதம் பார்க்கிறவள் நான்தான், இன்றைக்குப் பாகு கருகிவிட்டது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 20

முப்பிடாதி தீப்பெட்டி லோடு இறக்கத் தூத்துக்குடி போனவன், வரும்போது அண்ணாச்சி கடையில் ஏழு கேன் நல்ல தண்ணீரும் புது மணலும் எடுத்து வந்து திண்டாடித் தூக்கி உள்ளே வைத்தான். ஜெபராணிதான் அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். "நாளைக்கு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

புதுத் தண்ணீரை எடுத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. யாருமில்லாத தண்ணீர்.

பாதியை மாற்றினேன். பாதி போதும் என்று நினைத்தேன். எடுத்த பழைய தண்ணீரைக் கொட்டவில்லை. வெள்ளைக் கேனிலேயே ஊற்றி மூடி வைத்திருக்கிறேன்.

நான் புருஷன் வீட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு திரும்பி வந்த அன்றைக்கு உனக்கு மீசை அரும்பியிருந்தது. அப்பா வாசலில் நின்றுகொண்டு, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போ" என்றார். நீ என் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய், உன் சட்டைகளையெல்லாம் ஆணியிலிருந்து எடுத்துவிட்டு, அந்த ஆணியில் என் பையை மாட்டினாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பிற்பாடு உனக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம், அக்கா எங்கே இருப்பாள் என்று கேட்டார்கள். "இங்கதான்" என்பாய். எத்தனையோ தடவை நான் சண்டை போட்டேன். "எனக்குப் பொண்டாட்டி வேணும்னு ஒன்கிட்ட வந்து அழுதேனா? பேசாம சோத்தைப் போடு" என்பாய்.

ஜனவரி 21, ஞாயிறு

நான் எழுந்தபோது மீன் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது.

ஜெபராணி ஆலயத்துக்குப் போகிற வெள்ளைச் சேலையோடு வந்தாள். முப்பிடாதியும் வந்தான். உள்ளே நுழைந்ததுமே அவளுக்கு வாடையில் தெரிந்துவிட்டது. மூலையில் இருந்த கேனையும் பார்த்தாள்.

"பாதியத்தான் மாத்தினியளா? அக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒங்களுக்கு மீன் வேணுமா, தண்ணி வேணுமா?"

முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பிடாதி என்னையே பார்த்தான். பொங்கலன்றைக்கு அரைகுறையாகப் புரிந்தது அவனுக்கு இப்போது முழுசாகப் புரிந்துவிட்டது போல. என் பக்கத்தில் வந்து, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினான்.

"யக்கா. அண்ணன் இதுல இல்ல."

"ஒனக்கு எப்படில தெரியும்?"

"நாந்தான கரைச்சேன். கையில ஒட்டுனதைக்கூட நல்லா அலசிட்டுத்தான் கரையேறுனேன். அன்னைக்கே போயிட்டான்க்கா. இம்புட்டு நாளா அங்கேயேவா நிப்பான்? ஒரு எடத்துல நிக்கிற ஆளா அவன்?"

நான் தொட்டியைப் பார்த்தேன். மீனின் செவுள் ஒரு தடவை அசைந்து, வெகுநேரம் கழித்து இன்னொரு தடவை அசைந்தது. உன்னைக் கொண்டுவந்து கிடத்தியபோது உன் நெஞ்சை நான் எப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது ஏறுமா ஏறுமா என்று. அப்போது எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.

சேலையைச் செருகிக்கொண்டேன். "ஜெபராணி, அந்த வாளியில புதுத் தண்ணிய ஊத்தும்மா" என்றேன்.

மீனைக் கையாலேயே ஏந்தி வாளியில் விட்டேன். முதல் தடவையாக அதைத் தொடுகிறேன். வழுவழுவென்று இருந்தது. பழைய தண்ணீர் முழுவதையும் குழாய் வைத்துக் கேன்களில் இறக்கினோம். மணலை ஒரு சாக்கில் அள்ளினோம். தொட்டியைத் துடைத்தோம். ஒரு சொட்டுகூட வைத்துக்கொள்ளவில்லை. துடைத்த துணியை நானே வெளியே கொண்டுபோனேன். புது மணல், புதுத் தண்ணீர், அலசின கற்கள், மீன். எல்லாம் முடியும்போது ஜெபராணிக்கு ஆராதனை முடிந்தே போயிருந்தது. வெள்ளைச் சேலை முழங்கால்வரை மஞ்சளித்துவிட்டது. "ஆண்டவருக்குத் தெரியும் நான் எங்க இருந்தேன்னு" என்றாள்.

பழைய கேன்களை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நான் வாசல் சாக்கடையைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு முப்பிடாதிதான் பாய்ந்தான்.

"அதுல ஊத்திராத. வண்டியில ஏத்து."

"அண்ணன் இதுல இல்லன்னு சொன்ன?"

"இல்லதான். இருந்தாலும் ஏத்து."

சாயங்காலம் அதே படிக்கட்டு. அவன் செருப்பைக் கழற்றி, சட்டையைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு ஒவ்வொரு கேனாகத் தூக்கிக்கொண்டு இறங்கினான். நான் கடைசிப் படியில் நின்று மூடியைத் திறந்து கொடுத்தேன். தண்ணீரைத் தண்ணீரில் ஊற்றினால் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு குமிழி வந்து போகிறது. பக்கத்தில் கருமாதிக்கு வந்தவர்கள், இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

"நட. திரும்பிப் பாக்காத" என்றான்.

நான் பார்க்கவில்லை. வண்டிக் கதவைத் திறக்கும்போது பின்னால் ஆளைக் காணோமே என்று நின்றேன். கண்ணாடியில் தெரிந்தது. படியின் மேலே நின்று கடலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தான். உன் காரியத்தில் எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தவன், அன்றைக்கு அழ நேரமில்லாமல் போயிற்று அவனுக்கு. வரும்வரை காத்திருந்தேன். வந்ததும், "கண்ணுல உப்புத் தண்ணி தெறிச்சிட்டு" என்றான். சரி என்றேன்.

ஜனவரி 22

உயிரோடு இருக்கிறது. நிமிர்ந்துவிட்டது.

ஜனவரி 24

கல்லுக்கு வெளியே நிற்கிறது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குத் தெளிவு.

பாயைப் போட்டு எதிரே சாப்பிட்டேன். தொட்டியோடு பேசவில்லை. பழக்கத்தில் வாய் வரைக்கும் வந்தது.

ஜனவரி 27

தின்றது! இறாலில் ஒரு துணுக்கு. பாய்ந்து வந்து கவ்விக்கொண்டு கல்லுக்குப் பின்னால் ஓடிவிட்டது. திருட்டுப் பயல். பட்டறையில் எல்லோருக்கும் சொன்னேன். ஒருத்தி, "என்ன மைனி, பேரன் பொறந்த மாதிரி சொல்லுதிய" என்றாள்.

பிப்ரவரி 3

உன் கட்டிலை வெளியே எடுத்து வெயிலில் போட்டு மூட்டைப்பூச்சி மருந்து அடித்தேன். ஜெபராணிக்கு வேண்டுமாம், அவள் மாமியாருக்கு. கொடுத்துவிட்டேன். முப்பிடாதி வண்டியில் ஏற்றிப் போனான். போகும்போது தொட்டிக்கு முன்னால் குனிந்து கண்ணாடியைத் தட்டி, "என்ன மாப்ள, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

பிப்ரவரி 11

இப்போது நன்றாகத் தின்கிறது. பொட்டும் வெளுத்து வந்துவிட்டது. ஆனால் நான் போட்டுவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் வருகிறது. கை தண்ணீருக்குள் இருக்கும்வரை கல்லை விட்டு நகர்வதில்லை.

ஜெபராணி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பார்க்க வந்தாள். "இது ஒங்க அண்ணன் கையில வந்து திங்குமேம்மா, என் கையில வர மாட்டேங்குதே" என்றேன்.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்கக்கா."

"இதுக்குப் பேர் உண்டா?"

"ஒங்களுக்குத் தெரியாதா? காலையில ஆஸ்பத்திரி தெறக்க முன்னாடி அண்ணன் தொட்டிக்கிட்ட குனிஞ்சு பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. எங்க இருந்தாலும் மேல வந்துரும். நாங்க போனா சொல்ல மாட்டாரு. கேட்டா, அது எங்களுக்குள்ளம்பாரு. நானும் கதவுக்குப் பின்னால நின்னெல்லாம் கேட்டுப் பாத்திருக்கேன். உதடு அசையும், காதுல விழாது. ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

என்னிடம் எல்லாம் சொல்வாய். எந்த நோயாளி என்ன சொன்னார், டாக்டர் எதற்குக் கோபித்தார், டீக்கடையில் யாரோடு யாருக்குச் சண்டை, எல்லாம் சொல்வாய். இதைச் சொல்லவில்லை.

அவள் போன பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தேன். கறுப்பா என்றேன். டாமினோ என்றேன். நம் அப்பா பெயரைச் சொன்னேன். நம் தெரு நாய்க்கு நீ வைத்த பெயரைச் சொன்னேன். உனக்குப் பிடித்த நடிகை பெயரைக்கூடச் சொன்னேன், வெட்கமாகத்தான் இருந்தது. மொச்சை என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன். கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது. போகவும் இல்லை, வரவும் இல்லை. இன்னும் ஒன்றைச் சொல்லு, அதுவாக இருந்தால் வருகிறேன் என்பதுபோல நிற்கிறது.

விரலெல்லாம் ஊறிச் சுருங்கிவிட்டது. கையை எடுக்க மனமில்லை. இடது கையால்தான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது.

ஏல, நீ இதை என்ன சொல்லிக் கூப்பிடுவாய்?